ஒரே பறவை, இரண்டு பட்டியல்

வெள்ளவத்தைக்காரருக்குக் கால்வாய் என்றால் முதலில் ஞாபகம் வருவது அதன் மணம்தான். காலி வீதிப் பாலத்தில் பஸ் நிற்கிற நேரம் மூக்கைப் பொத்துகிற ஆக்களில் நானும் ஒருத்தி. ஆனால் ஒருக்கா இறங்கி, கரையில் பத்து நிமிஷம் நின்று பாருங்கோ. நீர்க்காகங்கள் செட்டையை விரித்துக் காயப்போட்டுக்கொண்டு இருக்கும். பிளாஸ்டிக் போத்தல்களுக்கு நடுவில் ஒரு கொக்கு அசையாமல் நிற்கும். அதிஷ்டம் இருந்தால் பெரிய கபரகொய்யா ஒன்று எங்களைக் கணக்கிலேயே எடுக்காமல் நீந்திப் போகும்.

போன வருஷம் கம்பஸில் நகர வரலாறு பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டி வந்தது. அதற்காகத் தேடியபோதுதான் ஒரு விஷயம் தெரிய வந்தது. 2018 ஒக்டோபரில் டுபாயில் நடந்த ராம்சார் மாநாட்டில், உலகத்திலேயே முதல் தடவையாக 18 நகரங்களை ‘ஈரநில நகரம்’ என்று அங்கீகரித்தார்கள். அதில் கொழும்பும் ஒன்று. இந்த மணம் பிடித்த கால்வாய் போய்ச் சேருகிற சதுப்பு நிலங்களுக்காகத்தான் அந்தப் பெயர்.

இதை வீட்டில் பெருமையாகச் சொன்னேன். அம்மம்மா மன்னார்க்காரி. சிரித்துவிட்டார்.

“கொழும்பில என்ன பறவை? எங்கட வங்காலைப் பக்கம் மார்கழி, தையில வந்து பார். தண்ணி முழுக்கப் பூநாரை நிக்கும். அதுகள் இஞ்சயும் நிக்குங்கள், இந்தியாவுக்கும் போகுங்கள். அதுகளுக்கு ஆர் விசா கேக்கிறது?”

அம்மம்மா சும்மா சொன்னதுதான். ஆனால் அது மனசில் நின்றுவிட்டது. பறவை இரண்டு கரைக்கும் போய் வருகிறது. அதைக் காப்பாற்றுகிற வேலையும் அப்படிப் போய் வருகிறதா? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியின் வரலாறு.

நிரப்புவதற்கென்று ஒரு சபை

முதலில் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சதுப்பு நிலத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பது எங்கட பகுதியில் மிகப் புதிய யோசனை. காலனி ஆட்சிக்காரருக்குச் சதுப்பு என்றால் நுளம்பும் காய்ச்சலும். சுதந்திரத்துக்குப் பிறகு வந்தவர்களுக்கு அது வீடு கட்டாத வெறும் காணி. 1968 இல் கொழும்பு மாவட்டத்தின் தாழ்நிலங்களை ‘மீட்டு’ அபிவிருத்தி செய்ய என்று சட்டம் போட்டே ஒரு சபையை உருவாக்கினார்கள். மீட்பது என்றால் என்ன? மண் போட்டு நிரப்புவது. யாரிடமிருந்து மீட்கிறோம்? தண்ணீரிடமிருந்து. பெயரே கதையைச் சொல்லிவிடுகிறது.

அதற்கு மூன்று வருஷம் கழித்து, 1971 பெப்ரவரி 2 ஆம் திகதி, ஈரானில் கஸ்பியன் கடலோரத்தில் இருக்கிற ராம்சார் என்ற சின்ன ஊரில் ஓர் உடன்படிக்கை கைச்சாத்தானது. ஈரநிலங்கள் வெறும் காணி இல்லை, அவற்றை நாடுகள் சேர்ந்து பாதுகாக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். ஒரு குறிப்பிட்ட வகை இயற்கைச் சூழலுக்கென்றே வந்த முதல் சர்வதேச ஒப்பந்தம் அது. இதன் தொடக்கம் நீர்ப்பறவைகள். சைபீரியாவில் குஞ்சு பொரிக்கிற பறவை, மன்னாரில் மாரியைக் கழிக்கிறது. நடுவில் இருக்கிற ஒரு ஏரியை ஒரு நாடு வற்றவைத்தால் மற்ற இரண்டு நாடும் செய்த பாதுகாப்பு வீண். ஆகவே தனியாகச் செய்ய முடியாத வேலை இது.

இந்தியா 1982 இல் இதில் சேர்ந்தது. இலங்கை 1990 இல், புந்தலயை முதல் இடமாகக் கொடுத்துச் சேர்ந்தது. பிறகு ஆனைவிழுந்தாவ, மாதுகங்கை, வங்காலை, குமண, வில்பத்து என்று ஆறு இடங்கள் ஆகின.

ராம்சார் ஒப்பந்தத்தில் இரண்டு விஷயங்களை ஞாபகம் வைத்திருங்கோ, பிறகு தேவைப்படும். ஒன்று, அதன்படி ஈரநிலம் என்றால் குளம், களப்பு, கண்டல் காடு மட்டும் இல்லை. வற்று நேரத்தில் ஆறு மீட்டருக்கு மேல் ஆழம் போகாத கடலும் ஈரநிலம்தான். இரண்டு, அதன் ஐந்தாவது உறுப்புரை: ஓர் ஈரநிலமோ நீர்த்தொகுதியோ இரண்டு நாட்டுக்குப் பொதுவாக இருந்தால், அந்த நாடுகள் ஒன்றையொன்று கலந்து பேச வேண்டும்.

முதலில் எண்ணினார்கள்

நான் நினைத்திருந்தது, ஆசிய நாடுகள் இயற்கை மீது உள்ள அன்பினால் ஒன்றுசேர்ந்தன என்று. வரலாறு அவ்வளவு அழகாக இல்லை. ஆசியா முழுக்கப் பறவைகளின் பயணத்தைச் சேர்ந்து ஆராய்ந்த முதல் பெரிய திட்டம் 1963 இல் தொடங்கியது. அதற்குக் காசு கொடுத்தது அமெரிக்க இராணுவம். வலசைப் பறவைகள் என்னென்ன நோய்களைக் காவுகின்றன என்பதுதான் அவர்களுடைய கவலை. எலியட் மக்ளூர் என்ற விஞ்ஞானியின் தலைமையில், 1971 வரை, ஜப்பான் தொடக்கம் தென்கிழக்காசியா வரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளுக்குக் காலில் வளையம் போட்டார்கள். இந்தியாவில் சாலிம் அலியின் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் செய்த வளையமிடும் வேலையிலும் இந்தக் காசு கலந்தது. பிறகு அது அங்கே பெரிய சர்ச்சையும் ஆனது.

நோக்கம் என்னவாக இருந்தாலும், அந்த வளையங்கள் ஒன்றை நிரூபித்தன: எந்த நாட்டின் பறவையும் அந்த நாட்டின் பறவை மட்டும் இல்லை.

இரண்டாவது கட்டம் இன்னும் எளிமையானது. எனக்குப் பிடித்ததும் அதுதான். 1987 இல் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு தொடங்கியது. ஒவ்வொரு ஜனவரியும், பல நாடுகளில், ஏறத்தாழ ஒரே கிழமைகளில், தொண்டர்கள் போய்த் தங்கட ஊர்க் குளத்தில், களப்பில் இருக்கிற பறவைகளை எண்ணுகிறார்கள். ஆசிரியர், மாணவர், வங்கியில் வேலை செய்கிறவர் என்று யாரும் போகலாம். ஒரே காலத்தில் எண்ணுவதால்தான் ஒரு பகுதியில் குறைந்தது இன்னொரு பகுதியில் கூடியதா, இல்லை மொத்தமாகவே குறைந்ததா என்று விளங்கும். 1989 இல் ஆசியாவின் ஈரநிலங்களுக்கு ஒரு பெரிய விபரத்திரட்டும் வெளிவந்தது. எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எதைக் காப்பாற்றுவது?

கொழும்புக்கும் இதில் ஒரு இடம் உண்டு. 1982 இல் அமைந்த தெற்காசியக் கூட்டுறவுச் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டத்தின் தலைமையகம் எங்கட நகரத்தில்தான் இருக்கிறது. ஆப்கானிஸ்தான் தொடக்கம் மாலைதீவு வரை எட்டு நாடுகள் அதில் உறுப்பினர். 2005 இல் புதுடில்லியில் கூடிய நாடுகள் ‘மத்திய ஆசியப் பறவைப் பாதை’க்கு ஒரு செயல்திட்டம் எழுதின. ஆர்க்டிக்கில் தொடங்கி இந்து சமுத்திரத்தில் முடிகிற அந்தப் பாதை 30 நாடுகளைத் தொடுகிறது. அதன் தெற்கு முனை நாங்கள்.

ஆக, கடதாசியில் எல்லாம் இருக்கிறது. இனி அந்தக் கடதாசியை அம்மம்மாவின் ஊரில் விரித்துப் பார்ப்போம்.

நடுவில் இருக்கிற ஆழமில்லாத கடல்

வேதாரண்யத்துக்குத் தெற்கே கோடியக்கரை. அங்கேயிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் இன்னும் கிட்ட. நடுவில் இருக்கிற பாக்கு நீரிணை பல இடங்களில் ஆழமே இல்லாத கடல். அடியில் கடற்புல், அதை மேய்கிற கடற்பசு, இறால், நண்டு. கரையில் சேற்றுப் பரப்பும் உப்பளங்களும். ராம்சாரின் ஆறு மீட்டர் கணக்கைப் போட்டுப் பார்த்தால், இந்தக் கடலில் நிறைய இடம் ஈரநிலம்தான். இரண்டு நாட்டுக்கும் பொதுவான ஈரநிலம்.

1974 இலும் 1976 இலும் இந்தியாவும் இலங்கையும் இந்தக் கடலில் எல்லைக்கோடு போட்டன. யாருக்கு எவ்வளவு என்று பேசினார்கள். சேர்ந்து எதைக் காப்பாற்றுவது என்ற பேச்சு அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் தனித்தனியாகவே வளர்ந்தது. 1980களில் யுத்தம் வந்தது. ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பல் நின்றது. அம்மம்மாவும் ஊரை விட்டு வெள்ளவத்தைக்கு வந்தார். பறவைகள் மட்டும் வருஷா வருஷம் போய் வந்தன.

2002 இல் இந்தியா கோடியக்கரையை ராம்சார் பட்டியலில் சேர்த்தது: 38,500 ஹெக்டயர். 2010 இல், யுத்தம் முடிந்து ஒரு வருஷத்தில், இலங்கை வங்காலையைச் சேர்த்தது: 4,839 ஹெக்டயர். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் வருகிற இடம் அது. 2022 இல் மன்னார் வளைகுடாவின் இந்தியப் பகுதியும் பட்டியலுக்கு வந்தது. ஒரே பறவை, இரண்டு பட்டியல். இரண்டையும் சேர்த்து, ‘இது ஒரே ஈரநிலத் தொகுதி, நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கிறோம்’ என்று அறிவிக்க ராம்சாரில் வழி இருக்கிறது. எல்லை தாண்டிய ராம்சார் தளம் என்று அதற்குப் பெயர். பாக்கு நீரிணையில் அப்படி ஒன்று இல்லை.

இதைவிட என்னைத் திகைக்க வைத்தது கடற்பசுவின் கதை. 2015 இல் உலகச் சுற்றாடல் நிதியத்தின் உதவியோடு கடற்பசுவையும் கடற்புல்லையும் பாதுகாக்க ஒரு திட்டம் வந்தது. எட்டு நாடுகள்: இந்தோனேசியா, மலேசியா, திமோர்-லெஸ்தே, மடகஸ்கார், மொசாம்பிக், சொலமன் தீவுகள், வனுவாட்டு, இலங்கை. பட்டியலை இன்னொருக்கா வாசியுங்கோ. பசிபிக் சமுத்திரத்தில் இருக்கிற வனுவாட்டுவோடு நாங்கள் கூட்டு. கண்ணுக்கெட்டின தூரத்தில் இருக்கிற இந்தியா அதில் இல்லை. பிறகு 2022 இல் தமிழ்நாடு அரசு தன் பக்கத்தில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. நல்ல விஷயம்தான். ஆனால் அந்தக் காப்பகத்துக் கடற்பசு மேய்ந்துகொண்டு வந்து கோட்டைத் தாண்டினால்?

பேசினவர்கள் யார்?

‘அரசுகள் பேசவில்லை’ என்று எழுதி இந்தக் கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால் அது முழு உண்மை இல்லை. வங்காலை பட்டியலுக்கு வந்த அதே 2010 இல், ஆகஸ்ட் மாதம், எங்கட வடபகுதி மீனவப் பிரதிநிதிகள் தமிழ்நாட்டுக்குப் போய் அங்கத்தைய மீனவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். பிரச்சினை தெரிந்ததுதான்: அடிமட்டத்தை வழித்துக்கொண்டு போகிற இழுவைப் படகுகள். அவை மீனை மட்டும் அள்ளுவதில்லை, கடற்புல்லையும் கிழிக்கின்றன, சின்ன மீனவரின் வலையையும் அறுக்கின்றன. இழுவை மீன்பிடியைக் கட்டுப்படுத்திப் படிப்படியாகக் கைவிடுவது பற்றி இரண்டு தரப்பும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. அரசுகளின் ஆதரவு கிடைக்காததால் அது நடைமுறைக்கு வரவில்லை. 2017 இல் இலங்கை அடிமட்ட இழுவையைச் சட்டத்தால் தடை செய்தது. படகுகள் இன்றைக்கும் வருகின்றன, கைதுகள் நடக்கின்றன.

நான் இதை ஒரு மீன்பிடிச் சண்டை என்றுதான் செய்திகளில் பார்த்து வளர்ந்தேன். ராம்சாரின் வரைவிலக்கணத்தைப் படித்த பிறகுதான், இது ஓர் ஈரநிலம் அழிகிற கதை என்றும், அந்த மீனவர்கள் பேசியது ஈரநிலப் பாதுகாப்புப் பேச்சுவார்த்தை என்றும் விளங்கியது. அவர்களைச் சுற்றாடல் மாநாட்டுக்கு யாரும் கூப்பிடுவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏன் அவர்கள் முக்கியம் என்பதற்கு வேடந்தாங்கல் நல்ல உதாரணம். செங்கல்பட்டுப் பக்கத்தில் இருக்கிற அந்தக் கிராமத்துக் குளத்தில் பறவைகளைச் சுடுவதற்கு வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வருவார்களாம். ஊர்ச் சனம் போய் முறையிட்டு, 1798 இல் கலெக்டர் லயனல் பிளேஸிடமிருந்து பறவைகளைத் தொடக்கூடாது என்று எழுத்தில் உத்தரவு வாங்கியது. காரணம் வெறும் இரக்கம் இல்லை. பறவையின் எச்சம் விழுந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம். பறவை போனால் நெல் குறையும். ராம்சார் பட்டியலுக்கு வேடந்தாங்கல் வந்தது 2022 இல். அதற்கு 224 வருஷம் முன்னமே ஊர் அதைப் பாதுகாத்துவிட்டது. ஊருக்குக் காரணம் இருந்தது, அதனால் பறவையும் இருந்தது.

மேகாவின் பாதை

2021 இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சீன விஞ்ஞானக் கழகத்தோடு சேர்ந்து, மன்னாரில் பிடித்த சில கடற்காகங்களின் முதுகில் ஜிபிஎஸ் கருவி பொருத்தினார்கள். அதில் ஒன்றுக்கு மேகா என்று பெயர். மேகா மன்னாரிலிருந்து இந்தியாவுக்குள் ஏறி, மத்திய ஆசியா வழியாக, ரஷ்யாவின் ஆர்க்டிக் கரை வரை போனது. அங்கே கோடையைக் கழித்துவிட்டு அதே மன்னாருக்குத் திரும்பி வந்தது. போய்வந்த தூரம் 19,000 கிலோமீட்டருக்கும் மேல். எத்தனை நாடுகள் 2005 இல் கடதாசியில் எழுதிய பாதை அது! இலங்கையும் சீனாவும் சேர்ந்து செய்த ஒரு வேலை, அதை முதல் தடவை ஒரு உயிருள்ள கோடாக எங்களுக்குக் காட்டியது.

ஆனால் மேகா திரும்பி வந்த மன்னார்த் தீவின் கரையில் இப்போது 30 காற்றாலைகள் சுழல்கின்றன. இன்னும் கன காற்றாலைகளுக்குத் திட்டம் இருந்தது. இந்தியாவின் அதானி நிறுவனம் கட்ட இருந்த பெரிய திட்டத்துக்கு எதிராகச் சுற்றாடல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் போயின. 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகியது. அரசாங்கம் மின்சார விலையை மறுபடி பேச வெளிக்கிட்டதற்குப் பிறகு வந்த முடிவு அது. அதே வருஷம் ஆகஸ்டில், வேறு காற்றாலைகள் வருவதற்கு எதிராக மன்னார்ச் சனம் நாள் கணக்கில் வீதியில் இருந்தது. அவர்கள் பறவைக்காக மட்டும் இருக்கவில்லை. மழைக்கு வெள்ளம் ஓட வழியில்லை, மீன் கரைக்கு வருகுதில்லை என்றார்கள். காற்றாலை கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. நிலக்கரியை எரித்தாலும் பறவைக்கு நல்லது நடக்காது. என் கேள்வி வேறு. மின்சாரத்துக்காக இரண்டு கரையையும் இணைப்பது பற்றி டில்லியும் கொழும்பும் வருஷக்கணக்காகப் பேசுகின்றன. அந்த மேசையில் பறவைப் பாதையின் வரைபடத்தையும் ஒருக்கா விரித்திருக்கலாம் இல்லையா?

2024 இல் சமர்கந்தில் கூடிய நாடுகள் மத்திய ஆசியப் பறவைப் பாதைக்கு ஒரு புதிய முன்னெடுப்பைத் தொடங்கின. அதன் ஒருங்கிணைப்பு அலுவலகத்தை இந்தியா பொறுப்பெடுத்தது. இப்போது கதவு திறந்துதான் இருக்கிறது. எங்கட பக்கத்திலிருந்து யார் அதற்குள் போவார்கள் என்பதுதான் மிச்சக் கேள்வி.

திரும்பவும் பாலத்தில்

2010 நவம்பர் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சின்ன வகுப்பில் படித்தேன். இரவு முழுக்க மழை. காலையில் பள்ளிக்கூடம் இல்லை என்றதும் எனக்குச் சந்தோஷம். அப்பா நிலத்தில் இருந்த சாமானெல்லாம் கட்டிலில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அந்த மழையில் நாடாளுமன்றத்துக்குள்ளேயே தண்ணீர் போனது. சதுப்பு நிலம் கொழும்புக்கு என்ன செய்கிறது என்று ஆட்சியில் இருக்கிறவர்களுக்கு விளங்கியது அதற்குப் பிறகுதான் என்று நினைக்கிறேன். உலக வங்கியின் உதவியோடு நடந்த ஆய்வு, மிச்சமிருக்கிற ஈரநிலங்களும் போனால் வெள்ளத்தால் மட்டும் கொழும்பு வருஷத்துக்குத் தன் உற்பத்தியில் ஏறத்தாழ 1 சதவீதத்தை இழக்கும் என்றது. 1968 இல் நிரப்புவதற்கென்று பிறந்த அதே நிறுவனம், இன்றைக்கு தியசரு பூங்காவில் சதுப்பு நிலத்தைப் பாதுகாத்துக் காட்டுகிறது. மீன்பிடிப் பூனையும் நீர்நாயும் இந்த நகரத்துக்குள் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

ஆனால் விருது கிடைப்பதற்கு ஒரு வருஷம் முன்னம், 2017 புத்தாண்டு நாளில், கொலன்னாவைப் பக்கம் மீதொட்டமுல்லவில் குப்பை மலை சரிந்து 30க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நகரம் தன் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டியது தாழ்நிலத்தில். அதன் ஓரத்தில் வாழ்ந்தவர்களின் முறைப்பாட்டை யாரும் காதில் வாங்கவில்லை. ஈரநிலத்தைப் பற்றிய பேச்சில் அதன் கரையில் வாழ்கிறவர்களை விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வங்காலைக்குப் போகத் தேவையில்லை.

நாடுகளுக்கிடையிலான ஒத்துழைப்பு இந்த அறுபது வருஷத்தில் பறவைகளை எண்ணக் கற்றது, இடங்களைப் பட்டியலிடக் கற்றது, பாதையை வரையக் கற்றது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை; அந்த எண்ணிக்கை இல்லாவிட்டால் என்ன இழக்கிறோம் என்றே தெரிந்திருக்காது. அது இன்னும் கற்காதது எதிர்க்கரை ஆக்களோடு கதைக்க. எங்களுக்கு அந்தக் கரையோடு மொழிபெயர்ப்பாளரே தேவையில்லை. கோடியக்கரையில் பூநாரையை எண்ணுகிற ஒரு கல்லூரி மாணவியும் வங்காலையில் எண்ணுகிற நானும் ஒரே சொல்லால்தான் அதைக் கூப்பிடுவோம்.

வருகிற ஜனவரிக் கணக்கெடுப்புக்கு வங்காலைக்குப் போகலாம் என்று நாங்கள் நாலைந்து பேர் கதைத்திருக்கிறோம். எங்களில் ஒருவருக்கும் பறவைகளைப் பற்றிப் பெரிதாகத் தெரியாது, பழகத்தானே வேண்டும். அம்மம்மாவையும் கூப்பிட்டேன். “நான் ஏன் எண்ணவேணும், எனக்கு அதுகளைத் தெரியும்” என்றார். பிறகு, கொஞ்ச நேரம் கழித்து, தலைமன்னார் ட்ரெயின் எத்தனை மணிக்கு வெளிக்கிடும் என்று கேட்டார்.